போத்தலில் இருப்பது எங்கே போய்ச் சேரும்?

வாகனப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மறுபடி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் கொழும்பில் இருந்த கார்களே ஓடி ஓடி வயதேறின. எஞ்சின் கழுவும் போத்தல்களுக்கு மவுசு கூடியதும் அந்தக் காலத்தில்தான். இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் அதைப் பற்றியவற்றை மட்டும் எடுத்திருக்கிறோம்.

2013 விட்ஸ், 1000 சிசி. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போய் வருவதுதான் ஓட்டம். 92 பெற்றோல் அடிக்கிறேன். ஷெட்டுக்குப் போகும்போதெல்லாம் "சேர், இஞ்செக்டர் கிளீனர் ஒன்று போடட்டா?" என்று கேட்கிறார்கள். பிரயோசனம் உண்டா? எத்தனை தரம் போடலாம்? – எஸ்.கே., வெள்ளவத்தை

உங்கள் காருக்குப் பிரயோசனம் உண்டு. ஆனால் போகும்போதெல்லாம் போடத் தேவையில்லை.

எந்தப் போத்தலை வாங்கும் முன்னரும் இது போய் எந்த இடத்தைத் தொடும் என்று கேளுங்கள். பெற்றோல் டாங்கியில் ஊற்றுவது பெற்றோல் போகும் வழியால் மட்டுமே போகும்: பம்ப், குழாய், இஞ்செக்டர், எரியறை, கடைசியில் சைலன்சர். விட்ஸில் இஞ்செக்டர் உள்ளிழு வால்வின் முதுகில் பெற்றோலைத் தெளிப்பதால், வால்வும் இந்த வழியில் அகப்படுகிறது. ஒயில் ஓடும் பக்கத்தையோ காற்று வரும் பக்கத்தையோ அது எட்டிப் பார்க்காது.

இஞ்செக்டரில் கரி பிடிப்பது பெரும்பாலும் கார் நின்ற பிறகுதான். எஞ்சினை நிற்பாட்டியதும் கூலன்ட் ஓட்டமும் நிற்கிறது. எஞ்சின் தலையின் சூடு மேலே ஏறுகிறது. இஞ்செக்டர் நுனியில் தங்கிய ஒரு துளி பெற்றோல் அந்தச் சூட்டில் வற்றிப் பிசினாகிறது. காலி வீதி நெரிசலில் ஊர்ந்து வந்து நிறுத்தி, கடைக்குப் போய் வந்து மறுபடி ஸ்டார்ட் எடுத்து, இப்படி ஒரு நாளைக்கு ஐந்தாறு தரம் என்றால் ஐந்தாறு பூச்சு. நாளடைவில் விசிறியாக வரவேண்டிய தெளிப்பு ஒரு பக்கம் சரிந்து சொட்டத் தொடங்கும். காலையில் ஐட்லிங் நடுங்கும், சிக்னலில் எடுக்கும்போது ஒரு கணம் தயங்கும். மூன்று சிலிண்டர் எஞ்சினில் ஒன்று சுணங்கினாலே ஸ்டியரிங்கில் தெரிந்துவிடும்.

வாங்கும்போது லேபிளில் பொலிஈதர் அமீன் இருக்கிறதா என்று பாருங்கள். சுருக்கமாகப் பீ.ஈ.ஏ. என்று போட்டிருப்பார்கள். அது எரியறையின் சூட்டையும் தாங்கிக் கரியைக் கழற்றும். பொலிஐசோபியூட்டிலீன் அமீன் என்ற வகை இஞ்செக்டருக்கும் வால்வுக்கும் நல்லது. ஆனால் எரியறையில் கொஞ்சம் படிவை அதுவே விட்டுவைக்கக்கூடும். பெற்றோலிய வடிபொருள் என்பதைத் தவிர லேபிளில் வேறெதுவும் இல்லையென்றால் அது அனேகமாக மண்ணெண்ணெய் ரகக் கரைப்பான். விட்டுவிடுங்கள்.

பலர் பிழைவிடுவது அளவில். 300 மில்லிலீற்றர் போத்தல் 60 லீற்றருக்கு என்று போட்டிருந்தால், லீற்றருக்கு 5 மில்லிலீற்றர். விட்ஸின் டாங்கி 42 லீற்றர்; 200 மில்லிலீற்றர் தாராளம். ஆனால் மூன்றரை லீற்றர் மட்டும் அடித்துவிட்டு முழுப் போத்தலையும் கவிழ்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது லேபிள் சொன்னதைப் போலப் பதினேழு மடங்கு. அவ்வளவு செறிவில் கரி வேகமாகக் கழராது. எரியாமல் மிஞ்சும் பங்கு பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் சம்பில் இறங்கி ஒயிலைக் கெடுக்கும், அவ்வளவுதான்.

அதனால் ஒயில் மாற்ற ஒரு டாங்கி ஓட்டம் இருக்கும்போது போடுங்கள். டாங்கி கால்வாசிக்குக் கீழே இறங்கியதும் முதலில் மருந்து, பிறகு டாங்கி நிறையப் பெற்றோல்; விழும் வேகத்தில் தானாகக் கலந்துவிடும். அந்த டாங்கியைத் தீர்ப்பதற்குள் ஒரு நீண்ட ஓட்டம் வேண்டும். கொட்டாவையில் அதிவேகப் பாதையில் ஏறி காலி வரை போய் வந்தால், நகருக்குள் ஒரு மாதம் ஊர்வதைவிட நல்லது. முடிந்ததும் ஒயிலையும் பில்டரையும் மாற்றுங்கள். 10,000 கிலோமீற்றருக்கு ஒரு தரம் போதும்.

முதல் போத்தலில் ஒரு மாற்றமும் தெரியவில்லையா? இரண்டாவதிலும் தெரியாது. பிளக், கொயில், காற்று பில்டர், த்ரொட்டில் என்று வரிசையாகப் பாருங்கள். அதன் பிறகும் சந்தேகம் என்றால் இஞ்செக்டர்களைக் கழற்றி, அல்ட்ராசொனிக் தொட்டியில் கழுவி, ஒவ்வொன்றும் எவ்வளவு தெளிக்கிறது என்று அளவுக் குழாய்களில் பிடித்துக் காட்டும் இடத்தில் கொடுங்கள். கழுவ முன்னும் பின்னும் உள்ள அளவுகளைக் கேட்டு வாங்குங்கள்.

95 அடித்தால் எஞ்சின் தானாகச் சுத்தமாகும் என்கிறார்களே? – வாசகி, பம்பலப்பிட்டி

ஒக்டேன் எண், பெற்றோல் நேரத்துக்கு முன் வெடிக்காமல் எவ்வளவு அமுக்கத்தைத் தாங்கும் என்பதைச் சொல்கிறது. கழுவும் தன்மையை அல்ல. 92 போதும் என்று எழுதியுள்ள எஞ்சினுக்கு 95 அடிப்பதால் கரி குறையாது. மேட்டில் ஏறும்போது எஞ்சின் கிணுகிணுக்கிறது என்றால் 95 அடித்துப் பாருங்கள். சத்தம் நின்றால், எரியறையில் கரி ஏறி அமுக்கம் கூடியிருக்கலாம் என்பதற்கு அது ஒரு தடயம்.

அக்ஸியோ, 1.5 லீற்றர், கைமாறி வாங்கினேன். மீற்றரில் 132,000. பழைய சேர்விஸ் விவரம் எதுவும் இல்லை. ஒயில் மூடியைத் திறந்தால் அடியில் கறுப்பாகக் கிறீஸ் போல ஒட்டியிருக்கிறது. ஒரு பாஸ் "பிளஷ் போட்டுக் கழுவுவோம்" என்கிறார். இன்னொருவர், அதற்கு ஏன் காசு, டீசல் ஊற்றிப் பத்து நிமிடம் ஓடவிட்டால் போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? – ரா.ம., கொட்டாஞ்சேனை

இரண்டாமவர் சொல்வதை வேண்டாம். டீசலுக்குப் பெயரிங்கைத் தாங்கும் பாகுநிலை இல்லை. அதோடு, எவ்வளவு நேரம் வடியவிட்டாலும் எஞ்சினின் மடிப்புகளிலும் ஒயில் வழிகளிலும் ஒரு பங்கு தங்கத்தான் செய்யும். அது புது ஒயிலில் கலந்து, காசு கொடுத்து வாங்கிய ஒயிலை முதல் நாளே நீர்க்கச் செய்துவிடும்.

பிளஷ் என்பது பழைய ஒயிலில் கலந்து எஞ்சினின் உட்பக்கத்தைக் கழுவும் மருந்து. அதைச் சொன்ன முதலாமவருக்கு உடனே தலையாட்டவும் வேண்டாம். முதலில் பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஒயில் மூடியைக் கழற்றி, சின்ன டோர்ச் ஒன்றால் உள்ளே அடித்தால், வால்வுகளைத் திறக்கும் தண்டான காம்சாஃப்ட் தெரியும். தேன் நிறத்தில் மெல்லிய பூச்சு மட்டும் என்றால் அது பழைய ஒயிலின் சாயம். விட்டுவிடலாம். விரலில் துணி சுற்றித் துடைத்தால் வரும் கறுப்புப் படலம் என்றால் இரண்டாம் நிலை. விரல் நகத்தால் கீறினால் பாளமாகப் பெயர்கிறது, மூலைகளில் தார்போல் குவிந்திருக்கிறது என்றால் மூன்றாம் நிலை. அந்த எஞ்சினில் பிளஷ் ஊற்றக்கூடாது.

ஏன் என்றால், சம்பின் அடியில் ஒயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு கம்பி வலை இருக்கிறது. ஒயில் முதலில் அந்த வலையைத் தாண்டி, பம்புக்குப் போய், அதன் பிறகே பில்டருக்கு வருகிறது. ஆகவே பிளஷ் பெயர்த்த பாளங்கள் பில்டருக்கு வருமுன் வலையில் போய் அப்பிக்கொள்ளும். வலை அடைத்தால் பம்ப் வெறுமையை இழுக்கும். ஐட்லிங்கில் சிவப்பு ஒயில் விளக்கு மினுங்கும், மேலே டிக் டிக் என்று சத்தம் வரும். பிளஷ் போட்டு இரண்டு வாரத்தில் எஞ்சின் பிடித்துவிட்டது என்ற கதைகளுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்த வலைதான். மருந்து நஞ்சாக இருந்ததால் அல்ல.

மூன்றாம் நிலை என்றால் அடிச் சம்பைக் கழற்றச் சொல்லுங்கள். வலையையும் சம்பையும் கையால் கழுவி, பழைய பசையைச் சுரண்டி, புதுச் சிலிக்கன் பசையோடு பூட்டுவது அரை நாள் வேலை. பசையைத் தாராளமாகப் பூசி அழுத்தினால் பிதுங்கியது உள்ளே உடைந்து விழுந்து அதே வலையை அடைக்கும். மூன்று மில்லிமீற்றர் அகலக் கோடு போதும். உங்கள் எஞ்சினில், வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி அமைப்பின் ஒயில் வால்வுக்குப் போகும் வழியிலும் விரல் நுனியளவு வலை ஒன்று உண்டு. கையோடு அதையும் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் செய்யமாட்டார்கள்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டாம் நிலை போலத் தெரிகிறது. பிளஷ் போடுவதென்றால் முறை இது. டிப்ஸ்டிக்கில் ஒயில் மேல் கோட்டில் நின்றால் மருந்தின் அளவுக்கு முதலில் கொஞ்சம் இறக்குங்கள். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி நிறுத்தி, லேபிளில் உள்ள அளவை ஊற்றுங்கள். நாலு லீற்றர் ஒயிலுக்குச் சுமார் 300 மில்லிலீற்றர் என்பது வழக்கமான கணக்கு. பிறகு பத்து நிமிடம் ஐட்லிங்கில் மட்டும். அக்சிலரேட்டரை மிதிக்கவோ, "ஒரு சுற்றுப் போய் வருவோம்" என்று வீதிக்கு எடுக்கவோ கூடாது. அந்தப் பத்து நிமிடமும் ஒயில் மெலிந்திருக்கிறது. ஒரு ஆள் ஒயில் விளக்கைப் பார்த்துக்கொண்டே இருக்கட்டும்; மினுங்கினால் அந்த நொடியே நிறுத்துங்கள்.

சூடு ஆறுமுன் அடி ஆணியைக் கழற்றி, குறைந்தது அரை மணித்தியாலம் வடியவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் ஆணியைப் பூட்டும் அவசரக்காரர் கராஜில் இருந்தால், தேநீர் வாங்க அனுப்பிவிடுங்கள். புது பில்டர், ஆணிக்குப் புது வொஷர், பில்டரோடு சேர்த்து 3.7 லீற்றர் ஒயில். ஏபிஐ எஸ்என் அல்லது எஸ்பி தரத்தில் 5டபிள்யூ-30 சரியாக இருக்கும்.

அந்த ஒயிலை 5,000 வரை ஓட்டாதீர்கள். 1,500 கிலோமீற்றரில் ஒயில், பில்டர் இரண்டையும் மாற்றுங்கள். கழற்றிய பில்டரை எறிய வேண்டாம். குழாய் வெட்டும் கருவியால் மேல் தகட்டை வட்டமாக வெட்டி, உள்ளே விசிறிபோல் மடிந்திருக்கும் தாளை விரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். இரும்பு வாளால் அறுத்தால் வாள்தூளே உள்ளே விழுந்து உங்களைப் பயமுறுத்தும். மடிப்புகளுக்குள் தேயிலைத் தூள் போலக் கறுப்பு மணிகள் நிறைந்திருந்தால் கரி இன்னும் கழன்றுகொண்டிருக்கிறது; அடுத்த ஒயிலையும் 2,000இல் மாற்ற வேண்டும். தாள் கறுத்திருந்தும் மணிகள் இல்லை என்றால் இனி வழக்கமான இடைவெளி போதும். வெள்ளி, செம்பு நிறத்தில் மினுமினுப்புத் தெரிந்தால் அது பெயரிங். கழுவுவதைப் பற்றிய பேச்சு அதோடு முடிந்தது.

எங்களிடம் கேட்டால், பிளஷே இல்லாமல் இப்படி மூன்று தரம் குறுகிய இடைவெளியில் ஒயில் மாற்றுவதைத்தான் சொல்வோம். நல்ல ஒயிலில் கழுவும் சேர்மங்களும், கழன்றதைத் தூளாகவே மிதக்கவைக்கும் சேர்மங்களும் ஏற்கெனவே இருக்கின்றன. அவை பாளம் பெயர்க்காமல் மெல்ல அரித்து எடுக்கும். செலவு கூடத்தான். பழைய ரப்பர் சீல்களுக்கும் அதுவே நல்லது. கறுப்புப் படிவு அடைத்து வைத்திருந்த ஒழுக்குகள் ஒரே நாளில் திறந்துகொள்ளாது.

ஒன்று விட்டுப்போயிற்று: மூடியின் அடியில் கறுப்புக்குப் பதில் பால்தேநீர் நிறத்தில் நுரை இருந்தால் அது தண்ணீர். குறுகிய ஓட்டத்தில் படியும் ஈரமாகவும் இருக்கலாம், எஞ்சின் தலையின் அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கஸ்கட் போனதாகவும் இருக்கலாம். கூலன்ட் குறைகிறதா என்று பாருங்கள்.

வெசல் ஹைபிரிட். நாற்பதாயிரம் கிலோமீற்றராக ஒவ்வொரு சேர்விஸுக்கும் இஞ்செக்டர் கிளீனர் போடுகிறேன். ஆனாலும் வால்வில் கரி என்று கராஜில் படம் எடுத்துக் காட்டினார்கள். போத்தல் போலியா? – எம்.ஐ., தெஹிவளை

போலி என்று சொல்ல முடியாது. வெசலின் 1.5 எஞ்சினில் பெற்றோல் நேரடியாக எரியறைக்குள் தெளிக்கப்படுகிறது. உள்ளிழு வால்வின் முதுகை ஒரு துளி பெற்றோலும் தொடுவதில்லை. அங்கே வருவது காற்றும், எஞ்சினின் உள்ளே சேரும் ஆவியை மறுபடி உள்ளிழுக்கும் பிசிவி குழாயால் வரும் ஒயில் ஆவியும், வால்வுத் தண்டால் கசியும் ஒயிலும்தான். சூடான வால்வில் அது சுட்டுக் கருகி ஒட்டுகிறது. டாங்கியில் ஊற்றிய மருந்து எரியறையையும் இஞ்செக்டர் நுனியையும் கழுவியிருக்கும். வால்வுக்கு அது வரவே இல்லை.

நிச்சயமான வழி, உள்ளிழு மனிபோல்டைக் கழற்றி, வால்நட் கொட்டையின் ஓட்டுத் தூளைக் காற்றமுக்கத்தில் அடித்து, கூடவே வெக்கியூமால் இழுப்பது. எந்தச் சிலிண்டருக்கு அடிக்கிறார்களோ அதன் இரண்டு உள்ளிழு வால்வும் மூடியிருக்க வேண்டும். கிராங்கைக் கையால் திருப்பி ஒவ்வொரு சிலிண்டராக மூடிவைத்துச் செய்கிறார்களா என்று நின்று பாருங்கள். திறந்திருந்தால் ஓட்டுத் தூள் பிஸ்டன் தலைக்குப் போய்விடும். இந்த இயந்திரம் இல்லாத கராஜில், மூடிய வால்வின் மேல் கரைப்பானை ஊற்றி ஊறவிட்டு, நைலோன் தூரிகையால் தேய்த்து உறிஞ்சி எடுப்பார்கள். நேரம் எடுக்கும்; பலன் குறைவில்லை.

எஞ்சின் ஓடும்போது த்ரொட்டிலுக்குள் அடிக்கும் ஸ்பிரேகள் இளங்கரிக்கு உதவும். கட்டிபட்ட கரியை அசைக்காது. ஒரேயடியாக நிறைய அடித்தால் திரவம் சிலிண்டரில் தேங்கி எஞ்சினைப் பூட்டிவிடும் ஆபத்தும் உண்டு.

கடிதத்தின் கடைசியில் "எடுக்கும்போது ஜெர்க் அடிக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். வெசல் ஹைபிரிட்டில் அதை வால்வுக் கரியின் தலையில் கட்டுமுன் இரட்டைக் கிளச் கியர்பொக்ஸைப் பாருங்கள். 2014 பெப்ரவரியில் ஜப்பானில் அந்த கியர்பொக்ஸின் மென்பொருளுக்காக ஹொண்டாவே இந்த மொடலைத் திரும்ப அழைத்தது. உங்கள் காரில் புது மென்பொருள் ஏறியிருக்கிறதா என்று சேசி இலக்கத்தைக் கொண்டு விசாரியுங்கள்.

மூன்றாம் தலைமுறைப் பிரியஸ், 160,000 ஓடியது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் கடகடவென்று உதறுகிறது. இரண்டு போத்தல் போட்டும் நிற்கவில்லை. – த.வ., வத்தளை

மூன்றாவதை வாங்காதீர்கள். இந்த எஞ்சினின் பலவீனம் ஈஜிஆர் கூலர். எரிந்த புகையில் ஒரு பங்கை ஆறவைத்து மறுபடி உள்ளே அனுப்பும் பெட்டி அது. அதன் மெல்லிய வழிகளில் கரி அடைக்கும். மனிபோல்டில் நாலு சிலிண்டருக்கும் போகும் சின்னத் துளைகளும் அடைக்கும். அவை ஒரே அளவில் அடைவதில்லை. துளை அடைத்த சிலிண்டர் மற்றவற்றைவிடச் சூடாக எரிகிறது. இந்த மொடலில் ஹெட் கஸ்கட் போவதற்கு இதையே முக்கிய காரணமாகச் சொல்கிறார்கள். புகை போகும் வழியில் உள்ள கரிக்குப் பெற்றோல் டாங்கியில் மருந்து ஊற்றி ஒன்றும் ஆகாது.

ஈஜிஆர் கூலரைக் கழுவ முன் கூலன்ட் போத்தலில் மட்டத்தைக் குறித்து வைத்து, ஒரு வாரம் பாருங்கள். மட்டம் இறங்கினால், இரவில் கூலன்ட் சிலிண்டருக்குள் கசிந்து, காலையில் அதுவே உதறலாக வருகிறது. அப்போது கூலிங் சிஸ்டத்துக்குக் காற்றமுக்கம் கொடுத்து இரவு முழுக்க வைத்து, காலையில் பிளக்கைக் கழற்றிக் கமெராவால் பிஸ்டன் தலையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரமாகவோ, மற்றவை கறுத்திருக்க ஒன்று மட்டும் கழுவி விட்டதுபோலவோ இருந்தால் கஸ்கட்தான்.

மட்டம் இறங்கவில்லை என்றால் கூலர், ஈஜிஆர் வால்வ், மனிபோல்ட் மூன்றையும் கழற்றிக் கழுவலாம். கூலரை மட்டும் கழுவி மனிபோல்டை விட்டுவிடுவது அரைகுறை வேலை. திருப்பிப் பூட்டியபின் ரோஸ் நிறக் கூலன்ட் ஊற்றிக் காற்றை முழுதாக வெளியேற்ற வேண்டும். அதற்கு எஞ்சின் தொடர்ந்து ஓட வேண்டும், பிரியஸோ தன்பாட்டில் நிறுத்திக்கொள்ளும். பராமரிப்பு நிலையில் போடத் தெரியாத பாஸ்மார் இன்னும் இருப்பதால் எழுதுகிறோம்: பிரேக்கை மிதிக்காமல் பவர் பொத்தானை இரண்டு தரம் அழுத்துங்கள். பி-யில் அக்சிலரேட்டரை முழுதாக இரண்டு தரம் மிதியுங்கள், என்-இல் இரண்டு தரம், மறுபடி பி-யில் இரண்டு தரம். எல்லாம் 60 வினாடிக்குள். திரையில் பராமரிப்பு நிலை தெரிந்ததும் பிரேக்கை மிதித்துப் பவர் பொத்தான். இனி நிறுத்தும்வரை எஞ்சின் ஓடும்.

அக்வாவிலும் இதே மாதிரிக் கூலர் உண்டு. ஒரு இலட்சம் கிலோமீற்றரை எட்டியவர்கள் ஒரு தரம் கழற்றிப் பார்ப்பது நல்லது.

நிசான் எஃப்பி15. புகைப் பரிசோதனையில் ஐதரோகாபன் கூட என்று பெயில். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க வேண்டும். ஒரு போத்தல் ஊற்றிக்கொண்டு போனால் பாஸாகும் என்கிறார்களே? – பி.எஸ்., மட்டக்குளி

அன்றைக்கு ஊற்றிக்கொண்டு போனால் கூடுமே தவிரக் குறையாது. கழன்ற கரியும் மருந்தும் சேர்ந்துதான் சைலன்சரால் வரும்.

பெற்றோல் வாகனத்தை ஐட்லிங்கிலும் 2,500 சுற்றிலும் வைத்து அளக்கிறார்கள். துண்டை வாசிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஐதரோகாபன் என்பது எரியாமல் தப்பிய பெற்றோல். அது மட்டும் கூடினால் பிளக், பிளக்கின் இடைவெளி, கொயில், எங்காவது பிளந்த வெக்கியூம் குழாய். காபனோரொட்சைட்டு கூடினால் பெற்றோல் அதிகம் போகிறது: அடைத்த காற்று பில்டர், களைத்துப்போன ஒட்சிசன் சென்சர், சொட்டும் இஞ்செக்டர். இரண்டும் 2,500இலும் கூடவே நின்றால் புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரில் சந்தேகம். ஆறியிருக்கும்போது ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினால் கலகலவென்று சத்தம் வருகிறதா, வெறும் தகரம் போல ஒலிக்கிறதா என்று பாருங்கள். முந்திய சொந்தக்காரர் உள்ளே இருந்ததை எடுத்து விற்றிருந்தால் எந்தப் போத்தலும் காப்பாற்றாது.

டிப்ஸ்டிக்கை எடுத்து மணந்தும் பாருங்கள். பெற்றோல் மணத்தால் ஒயிலை மாற்றிவிட்டுப் போங்கள். அந்த ஆவி பிசிவி குழாயால் திரும்பி வந்து இரண்டு எண்ணிக்கையையும் ஏற்றும். மருந்து போடத்தான் வேண்டும் என்றால் ஒரு டாங்கிக்கு முன்னரே போட்டுத் தீர்த்து, வெறும் பெற்றோல் அடித்த பிறகு போங்கள். போகும் நாளில் அரை மணித்தியாலம் ஓட்டிச் சூடாகவே போய்ச் சேருங்கள். வரிசையில் ஒரு மணித்தியாலம் நிறுத்தி வைத்த காரின் கொன்வேர்ட்டர் ஆறிவிடும். முறை வர ஐந்து நிமிடம் முன்னராவது எஞ்சினை ஓடவிடுங்கள்.

கேடிஎச் வேன், 1கேடி எஞ்சின், ஸ்கூல் ஓட்டம். காலையில் டக் டக் சத்தம், வெள்ளைப் புகை. டீசல் கிளீனர் போட்டால் சரியாகுமா? – வாசகர், கிராண்ட்பாஸ்

தேய்ந்த இஞ்செக்டரைக் கிளீனர் வளர்த்துத் தராது. நாலு இஞ்செக்டரில் எது பழுது என்று முதலில் பரிசோதித்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அதைத்தான் கழற்ற வேண்டும்.

இந்த எஞ்சினில் அதைவிட அவசரமானது, இஞ்செக்டரின் அடியில் இருக்கும் செம்பு வொஷர். அது கசிந்தால் எரிந்த வாயு ஒயிலுக்குள் புகுந்து கட்டிக் கரியாகி, மேலே அக்ஸியோவுக்குச் சொன்ன அதே உறிஞ்சு வலையை அடைக்கும். இஞ்செக்டரைச் சுற்றிக் கறுப்புத் தார் தெரிந்தாலோ, ஒயில் சேர்விஸ் முடித்து ஒரு வாரத்துக்குள் மை போலத் தடித்தாலோ, சம்பைக் கழற்றி வலையைப் பார்க்காமல் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

தின்னர், அசற்றோன், பூச்சி உருண்டை இவற்றில் எதையாவது டாங்கியில் போடலாமா? – பெயர் வேண்டாம் என்ற வாசகர்

வேண்டாம். முதல் இரண்டும் ரப்பரைத் தின்னும். மூன்றாவதை அலுமாரியிலேயே விடுங்கள்.

கார்பரேட்டர் கிளீனர் டின் ஒன்று பஞ்சிகாவத்தையில் வாங்கினேன். த்ரொட்டில், காற்றளவு சென்சர் எல்லாவற்றுக்கும் அதையே அடிக்கலாமா? – எச்.எம்., தெமட்டகொட

காற்றளவு சென்சருக்கு அடிக்காதீர்கள். உள்ளே தலைமுடி மொத்தத்தில் ஒரு சூட்டுக் கம்பி இருக்கிறது. அதற்கென்றே விற்கும், எச்சம் விடாமல் ஆவியாகும் ஸ்பிரேயைக் கையளவு தூரத்திலிருந்து பத்துத் தரம் தெளித்து, துடைக்காமல், ஊதாமல், பதினைந்து நிமிடம் காயவிட்டுப் பூட்டுங்கள். பஞ்சுக் குச்சியால் துடைத்தவர்கள் புதுச் சென்சர் வாங்கியிருக்கிறார்கள்.

த்ரொட்டிலிலும் நேரே அடிக்க வேண்டாம். சில மொடல்களில் தகட்டின் விளிம்பில் உற்பத்தியிலேயே பூசிய மெல்லிய பூச்சு உண்டு. கார்பரேட்டர் கிளீனர் அதை அரித்துவிடும். த்ரொட்டிலுக்கான கிளீனரைத் துணியில் நனைத்து, விளிம்பையும் அது உட்காரும் வளையத்தையும் துடையுங்கள். திறப்பு ஓன் நிலையில் இருக்கும்போது தகட்டை விரலால் தள்ளினால் மோட்டாரின் பிளாஸ்டிக் பல் உடையும். பற்றரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு மெல்லத் திறவுங்கள். முடித்து ஸ்டார்ட் எடுத்ததும் ஐட்லிங் ஏறி நின்றால் பயப்பட வேண்டாம். கரி இருந்த காலத்துத் திறப்பளவை எஞ்சின் கம்பியூட்டர் இன்னும் மறக்கவில்லை. ஏசியையும் லைட்டையும் அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். அதற்கும் இறங்காவிட்டால் ஸ்கேனரால் மறுபடி கற்பிக்க வேண்டும்.